ரெண்டுங்கெட்டான் ஈரம்: கரிசலில் என் முதல் சைக்ளோகிராஸ்

பருத்தி மூட்டை நிறுக்கும் தராசில் என் சைக்கிளை ஏற்றினார்கள். 19 கிலோ காட்டியது. அன்று காலை வீட்டிலிருந்து கிளம்பும்போது அதன் எடை 12 கிலோ. மீதி 7 கிலோவும் மதுரை மாவட்டம் கள்ளிக்குடிப் பக்கத்துக் கரிசல் மண். நிறுத்துப் பார்க்கலாம் என்று சொன்னதே நான்தான். சைக்கிள் பந்தயத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவனுக்கு அப்புறம் வேறு என்ன வேலை?

அந்த ஏழு கிலோ எப்படி ஏறியது, ஏறாமல் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். எனக்கு வயது 41. சாலை போடுகிறவர்களுக்கு மண் பரிசோதித்துத் தரும் சின்ன ஆய்வகம் ஒன்றில் வேலை. கரிசலைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, உருட்டி, அதன் குணத்தை எண்ணில் எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. அப்படிப்பட்டவன் அதே மண்ணில் சக்கரம் சுற்றாமல் நின்றதை வீட்டில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

இப்படியும் ஒரு விளையாட்டு

ஐரோப்பாவில் சாலைப் பந்தய வீரர்கள் குளிர்காலத்தில் சும்மா இருக்காமல் வயல், வேலி, வாய்க்கால் தாண்டி ஓட்டிப் பழகியதில் பிறந்தது சைக்ளோகிராஸ். பிரான்சில் டேனியல் கூசோ என்ற ராணுவ வீரர் 1902ல் முதல் தேசியப் போட்டியை நடத்தினார். 1910ல் டூர் தெ பிரான்ஸை வென்ற ஆக்டாவ் லாபீஸ், தன் வெற்றிக்கு இந்தச் சேற்றுப் பயிற்சியும் ஒரு காரணம் என்று சொன்ன பிறகுதான் ஊர் திரும்பிப் பார்த்தது. உலகப் போட்டி 1950ல் பாரிசில் தொடங்கியது. இன்று இதற்குத் தாய்வீடு பெல்ஜியம். அங்கே சேற்றில் புரண்டு எழும் வீரர்களைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாகக் குடும்பத்தோடு வருகிறார்கள்.

விதிகள் எளிமையானவை. உலகப் போட்டிகளில் இரண்டரை முதல் மூன்றரை கிலோமீட்டர் வரை ஒரு சுற்று. இத்தனை சுற்று என்று முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள், நேரம்தான் கணக்கு. ஆண்களுக்கு ஒரு மணி நேரம் என்றால், முதல் சுற்றுகளின் வேகத்தைப் பார்த்து மீதியைக் கணக்கிட்டு, கடைசிச் சுற்றுக்கு மணி அடிப்பார்கள். வழியில் 40 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பலகைத் தடுப்பு இருக்கும், ஏறவே முடியாத மேடும் இருக்கும். அங்கெல்லாம் இறங்கி, சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓட வேண்டும்.

இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. கரிசல் காட்டில் மழைக்காலத்தில் சைக்கிளைத் தோளில் தூக்கிப் போவதற்கு யாரும் பரிசு கொடுத்ததில்லை. திருமங்கலத்துக்குத் தெற்கே இருக்கும் பெரியவர்கள் யாரைக் கேட்டாலும், பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது பாதி தூரம் சைக்கிள்தான் தங்கள் மேல் ஏறி வந்தது என்பார்கள்.

எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கும்பல் வழக்கமாக அழகர்கோவில் ரோட்டில் ஓட்டும், முடிந்ததும் இட்லி சாப்பிட்டுக் கலையும். அவ்வளவுதான். பெல்ஜியத்தில் சில வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய ஒருவர் அந்தக் கும்பலில் சேர்ந்தார். நாங்கள் அவரை ‘பெல்ஜியம் அண்ணன்’ என்போம். தீபாவளி முடிந்த கையோடு கள்ளிக்குடிப் பக்கம் தரிசு நிலம் ஒன்றைச் சொந்தக்காரரிடம் கேட்டு வாங்கி, கட்டட வேலைக்காரர்களிடமிருந்து சென்ட்ரிங் பலகை நான்கு எடுத்து வந்து, ஒரு பந்தயம் வைத்துவிட்டார். பெயரும் இல்லை, கோப்பையும் இல்லை. வந்தவர்கள் 17 பேர். 40 நிமிடம், அதன் மேல் ஒரு சுற்று.

வண்டியும் நானும்

என்னிடம் இருந்தது பழைய ஹைப்ரிட் சைக்கிள். 38 மில்லிமீட்டர் டயர், ரிம்மைப் பிடிக்கும் வி-பிரேக், முன்னும் பின்னும் பிளாஸ்டிக் மட்கார்டு. சேற்றுப் பந்தயத்துக்குப் போகிறவன் மட்கார்டைக் கழற்ற வேண்டுமா, மாட்ட வேண்டுமா? சேறு தெறிக்காமல் இருக்கத்தானே அது இருக்கிறது என்று நான் இன்னும் இறுக்கமாக முடுக்கிக்கொண்டு போனேன். தண்ணீர் பாட்டில் கூண்டையும் விட்டுவைத்தேன்.

அந்த வாரம் முழுக்க நான் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டது காற்றழுத்தத்தைப் பற்றி மட்டும்தான். சேற்றில் காற்று குறைவாக இருந்தால் டயர் தரையில் நன்றாகப் படர்ந்து பிடிக்கும். அது உண்மைதான், பெரிய வீரர்கள் 20 பி.எஸ்.ஐ.க்குப் பக்கத்தில்கூட ஓட்டுகிறார்கள். ஆனால் அவர்கள் ஓட்டுவது ரிம்மோடு ஒட்டும் டியூபுலர் டயர். நம்முடையது சாதா டியூப். ரொம்பக் குறைத்தால் கல்லில் இடிக்கும்போது ரிம் டியூபைக் கடித்து இரட்டை ஓட்டை போட்டுவிடும். போதாததற்கு எங்கே பார்த்தாலும் சீமைக்கருவேல முள். 30ஆ 35ஆ என்று மெக்கானிக் அண்ணனிடம் மூன்று முறை போனில் பேசினேன். கடைசியில் 32 வைத்தேன். நடந்ததற்கும் அந்த எண்ணுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அந்த ஞாயிறு

வெள்ளி இரவு பிடித்த மழை சனி மதியம்தான் விட்டது. ஞாயிறு காலை வானம் துடைத்து வைத்தது போல இருந்தது, ஆறரைக்கே வெயில் சுள்ளென்று விழுந்தது. அப்பாடா, மழை இல்லை என்று நான் சந்தோஷப்பட்டேன். அங்கேதான் முதலில் சறுக்கினேன்.

சுற்று ஒன்றே முக்கால் கிலோமீட்டர் இருக்கும். வண்டிப் பாதையில் தொடங்கி, தரிசுக்குள் நுழைந்து, வரப்பு இரண்டைத் தாண்டி, பலகைத் தடுப்புகளைக் கடந்து, கண்மாய்க் கரையில் ஓடி ஏறி, கரையின் சரிவில் பக்கவாட்டாக நூறு அடி போய், ஓடை மணலில் இறங்கித் திரும்ப வேண்டும். பெல்ஜியத்தில் காக்சைடு என்ற கடற்கரை ஊரில் மணல் மேட்டிலேயே பந்தயம் நடக்கும் என்று சொல்லி, ஓடை மணலைச் சேர்த்ததற்குப் பெல்ஜியம் அண்ணன் ரொம்பப் பெருமைப்பட்டுக்கொண்டார். உள்ளதிலேயே சுலபமான இடம் அதுதான் என்பது அப்புறம் தெரிந்தது.

ஏழரைக்கு விசில். எல்லோரும் வெறி பிடித்தாற்போலக் கிளம்பினார்கள். முன்னால் பாதை ஒடுங்குகிறது, அதற்குள் இடம் பிடிக்காவிட்டால் யாரையும் முந்த முடியாது என்பது எனக்குத் தெரியாது. நிதானமாகப் போய்ப் பிடிக்கலாம் என்று நினைத்தேன். வண்டிப் பாதை முடிவதற்குள் பதினைந்தாவது ஆள் ஆகிவிட்டேன். அதற்குள்ளேயே நெஞ்சு தொண்டைக்கு வந்துவிட்டது. அழகர்கோவில் ரோட்டில் இரண்டு மணி நேரம் ஓட்டுகிற உடம்பு வேறு, முதல் நிமிடத்திலேயே முழுசாகக் கேட்கும் இந்த ஓட்டத்துக்கான உடம்பு வேறு.

தரிசுக்குள் ஐம்பது மீட்டர் போயிருப்பேன். முன் சக்கரத்தில் சரசரவென்று சத்தம் கேட்டது. மட்கார்டுக்குள் மண் உரசுகிறது. பெடலை அழுத்தினேன், சத்தம் நின்றது. சரியாகிவிட்டது என்று பார்த்தால், அங்கே உரசுவதற்கு இடமே மிச்சமில்லை, முழுக்க அடைத்துவிட்டது. முதல் சுற்றை எப்படியோ முடித்தேன், 10 நிமிடம் ஆகியிருந்தது. இரண்டாம் சுற்றில் முதல் வரப்புக்குப் பக்கத்தில் பின் சக்கரம் நின்றே போனது. இறங்கித் தள்ளினேன். சக்கரம் சுற்றவில்லை, ஏர்க்கொழு மாதிரி கோடு கிழித்துக்கொண்டு வந்தது. கையால் தோண்டினேன். நகக்கண் எல்லாம் கருப்பு. கருவேலங்குச்சி ஒன்றை ஒடித்துக் குத்தினேன். ஒரு கவளம் விழுந்தால், பத்தடி தள்ளுவதற்குள் இரண்டு கவளம் ஏறியது. ஷூவின் அடியிலும் மண் அப்பி, நான் இரண்டு அங்குலம் வளர்ந்திருந்தேன்.

சரி, தூக்கிவிடலாம் என்று பார்த்தால் பாட்டில் கூண்டு தோளில் இடிக்கிறது. சைக்ளோகிராஸில் சைக்கிளுக்கு இடது பக்கம்தான் இறங்குவார்கள், செயின் வலப்பக்கம் இருப்பதால். இறங்கிய வேகத்தில் முக்கோணச் சட்டத்துக்குள் வலது கையை விட்டு, மேல் குழாயைத் தோளில் ஏற்றி, அந்தக் கையாலேயே ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும். பாட்டில் கூண்டு அந்த முக்கோணத்துக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது. பந்தய வண்டிகளில் அதைக் கழற்றி வைப்பதன் காரணம் அந்த நிமிடம் புரிந்தது. கடைசியில் மூட்டை போல இரண்டு கையாலும் கட்டிப் பிடித்து நடந்தேன்.

அப்போது பார்த்து விருதுநகர் பக்கம் போகும் ரயில் ஒன்று பக்கத்துத் தண்டவாளத்தில் வந்தது. ஜன்னலில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மழைக்காலக் கரிசலில் ஒருவன் சைக்கிளைச் சுமந்து போகிறான், அதில் அவர்களுக்கு என்ன புதுமை இருக்க முடியும்? ஆனால் அவன் ஹெல்மெட்டும் எண் அட்டையும் போட்டுக்கொண்டு போகிறான்.

மூன்றாம் சுற்று தொடங்கியபோது செயின் துள்ளியது. நான் அழுத்தி மிதித்தேன். மிதித்திருக்கக் கூடாது. காய்ந்த சோளத்தட்டை ஒன்று சேற்றோடு சேர்ந்து பின்னால் தொங்கும், கியர் மாற்றும் டீரெய்லரில் சிக்கி, அதை இழுத்துச் சக்கரக் கம்பிக்குள் கொண்டுபோய்ச் சொருகிவிட்டது. டக்கென்று ஒரு சத்தம். 34வது நிமிடத்தில் என் பந்தயம் முடிந்தது.

பையனும் பெரியவரும்

இந்த ஆய்வில் எனக்கு உதவியது இரண்டு பேர்தான். இருவரும் சைக்ளோகிராஸ் என்ற சொல்லை அன்றுதான் கேட்டவர்கள்.

பதினொன்றாம் வகுப்பு படிக்கும் உள்ளூர்ப் பையன் ஒருவன் வேடிக்கை பார்க்க வந்து, கடைசி நேரத்தில் தானும் ஓட்டுவேன் என்று நின்றான். அவனிடம் இருந்தது அவன் தாத்தாவின் பழைய ரோடு வண்டி. கியர் இல்லை, மட்கார்டு எப்போதோ உடைந்து போயிருந்தது, டயருக்கும் முன் சக்கரத்தைப் பிடிக்கும் போர்க்குக்கும் நடுவில் இரண்டு விரல் போகும். அவன் நான்காவதாக வந்தான். எப்படிடா என்று கேட்டேன்.

“கருப்பா மினுங்குற எடத்துல வண்டிய உருட்டக் கூடாதுண்ணே. உருட்டுனாத்தான் ஒட்டும். தூக்கிக்கிட்டு ஓடீறணும். புல்லு இருக்குற பக்கம் வந்ததும் ஏறிக்கிறணும். புல்லுல உருண்டா ஒட்டுனதும் உதிர்ந்துரும்.”

சேற்றில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவது சுமப்பதைவிடச் சுலபம் என்றுதான் நாம் நினைப்போம். சக்கரம் ஒவ்வொரு முறை சுற்றும்போதும் புதுசாக ஒரு அடுக்கு மண்ணைச் சுருட்டிக்கொள்கிறது, பாய் சுருட்டுவது மாதிரி. தூக்கிவிட்டால் அது நின்றுவிடும். பெல்ஜியத்தில் பயிற்சியாளர்கள் சொல்லிக் கொடுப்பதும் இதைத்தான் என்று பெல்ஜியம் அண்ணன் சொன்னார். முன்னாடியே சொல்லியிருக்கலாமே அண்ணே என்றேன். “நீங்க மண்ணு டெஸ்ட் பண்ற ஆளாச்சே, தெரியும்னு நெனச்சேன்” என்றார். அதற்கு மேல் நான் ஒன்றும் பேசவில்லை.

பெரியவர் நிலத்துக்காரர். கரை மேல் குடையை ஊன்றி உட்கார்ந்து முழுசையும் பார்த்தார். என் சைக்கிளைப் பார்த்துவிட்டு, “தம்பி, நேத்து ஊத்தும்போதே வந்திருந்தா ஓட்டியிருக்கலாம். இல்ல, நாலு நாள் கழிச்சுக் காஞ்ச பெறகு வந்திருக்கணும். இது ரெண்டுங்கெட்டான் ஈரம். இதுல நாங்க மாட்டையே எறக்க மாட்டோம்” என்றார்.

உழவுக்குப் பதம் பார்ப்பது கரிசல்காரர்களுக்குப் பரம்பரைக் கணக்கு. பதம் தப்பி உழுதால் கட்டி கட்டியாகப் புரளும், ஏர் நகராது. அந்தப் பதத்தைத்தான் நான் ஆய்வகத்தில் எண்ணாக எழுதுகிறேன். ஆனால் மழை விட்டதும் வெயில் வந்ததைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

திங்கட்கிழமை, ஆய்வகத்தில்

சட்டத்திலிருந்து சுரண்டிய மண்ணைப் பாலிதீன் பையில் கட்டி வேலைக்கு எடுத்துப் போனேன்.

களிமண் நான்கு நிலையில் இருக்கும். காய்ந்தால் கட்டி. கொஞ்சம் ஈரம் சேர்ந்தால் பொலபொலவென்று உதிரும். இன்னும் சேர்ந்தால் பிசைந்த மாவு. அதையும் தாண்டினால் கூழ். இந்த நிலைகளுக்கு நடுவில் எல்லைகளை வகுத்தவர் ஆல்பர்ட் அட்டர்பெர்க் என்ற ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர், 1911ல். சாலைப் பொறியியல் இன்றும் அவர் பெயரைச் சொல்லித்தான் மண்ணைத் தரம் பிரிக்கிறது. மண்ணை 3 மில்லிமீட்டர் கனத்துக்கு நூலாக உருட்டும்போது எந்த ஈரத்தில் அது விரிசல் விட்டு உடைகிறதோ, அது மாவு நிலையின் கீழ் எல்லை. பித்தளைக் கிண்ணத்தில் மண்ணைப் பரப்பி, நடுவே கோடு கீறி, கிண்ணத்தைத் தட்டிக்கொண்டே இருந்தால் எந்த ஈரத்தில் 25 தட்டில் கோடு மூடுகிறதோ, அது மேல் எல்லை. இந்த இரண்டையும் நான் கண்ணை மூடிக்கொண்டு செய்வேன்.

அட்டர்பெர்க் வகுத்ததில் ஒட்டும் எல்லை என்று இன்னொன்றும் உண்டு. ஈரம் குறையக் குறைய எந்தக் கட்டத்தில் மண் உலோகத் தகட்டில் ஒட்டுவதை நிறுத்துகிறது என்பது அது. சாலைக்கு அது வேண்டியதில்லை என்பதால் நாங்கள் அதைப் பார்ப்பதே இல்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு முறைகூட நான் அதைச் சோதித்ததில்லை.

அன்று சாப்பாட்டு இடைவேளையில் செய்து பார்த்தேன். பையிலிருந்த மண்ணைக் காயவைத்துப் பொடித்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் சேர்த்து, கரண்டியைப் பதித்து இழுத்தேன். முதலில் ஒட்டவில்லை. அப்புறம் மண் முழுசும் கரண்டியோடு எழுந்து வந்தது. இன்னும் தண்ணீர் விட்டதும் கரண்டியில் மெல்லிய பூச்சு மட்டும் நின்றது. மேலும் விட்டால் வழிந்தோடிவிட்டது. பரோட்டா மாவு பிசைகிறவர்களுக்கு இது புதுசில்லை. வறட்டு மாவு ஒட்டாது, கரைத்த மாவு வழிந்துவிடும், நடுவில் இருப்பது விரலை விடாது. அதனால்தான் மாஸ்டர் கையிலும் கல்லிலும் எண்ணெயைத் தடவிக்கொண்டே இருக்கிறார். கரண்டியில் ஒரு சொட்டுக் கடலை எண்ணெய் தடவிப் பார்த்தேன். அதே மண் வழுக்கி விழுந்தது. சைக்ளோகிராஸ் மெக்கானிக்குகள் பந்தயத்துக்கு முன் சட்டத்தின் அடியில் சமையல் எண்ணெயைப் பீய்ச்சுவார்கள் என்று எங்கோ கேள்விப்பட்டு நான் நம்பாமல் இருந்தேன்.

கரிசலில் இது இவ்வளவு மோசமாக இருப்பதற்கு அதன் களிமண் கனிமம் காரணம். மெல்லிய தாள்களை அடுக்கியது போன்ற அமைப்பு, தாள்களுக்கு நடுவில் தண்ணீர் புகுந்தால் உப்பும். அதனால்தான் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கிறது, மழையில் பசையாகிறது. மேலூர்ப் பக்கத்துச் செம்மண்ணில் பந்தயம் வைத்திருந்தால் வழுக்கி விழுந்திருப்பேன், ஆனால் சக்கரம் நின்றிருக்காது.

இன்னொன்றும் இருக்கிறது. பெல்ஜியத்தின் டிசம்பர்க் குளிரில் சேறு லேசில் காயாது. இங்கே நவம்பரில்கூட வெயில் வந்த ஒரு மணி நேரத்தில் மண் வேறு மண்ணாகிவிடும். காலை ஆறரைக்குப் பாதையைச் சுற்றிப் பார்த்து, பரவாயில்லை, கொஞ்சம் சொதசொதப்பு என்று முடிவு செய்தேன். நான் ஓட்டியது அந்தச் சேற்றில் இல்லை. ஒரு மணி நேரம் வெயில் குடித்த சேற்றில்.

34 நிமிடம் எங்கே போனது

கைக்கடிகாரத்தில் பதிவாகியிருந்ததை வைத்துப் பிரித்துப் பார்த்தேன். ஓட்டியது 13 நிமிடம். தள்ளியதும் சுமந்ததும் 12. குச்சியை வைத்துக்கொண்டு நின்றது 9. என் மூச்சு வாங்கல், கால் பலம், காற்றழுத்தம் எல்லாம் அந்தப் பதின்மூன்று நிமிடத்துக்குள்தான் வருகின்றன. இன்னும் இரண்டு மாதம் பயிற்சி எடுத்துவிட்டு வந்திருந்தாலும் அதே இடத்தில்தான் நின்றிருப்பேன், கொஞ்சம் சீக்கிரமாக.

மண் தங்கிய இடங்களையும் பார்த்தேன். பாதிக்கு மேல் மட்கார்டுகளுக்குள். அடுத்தது வி-பிரேக் கைகளின் நடுவில், அங்கே டயருக்கு மேல் இடைவெளியே இல்லை. அப்புறம் பெடலுக்குப் பின்னால், டயர் சட்டத்தை நெருங்கும் இடத்தில். சைக்ளோகிராஸ் வண்டிகளில் வெகுகாலம் அகலமாகக் கை விரித்த கேன்டிலீவர் பிரேக் வைத்திருந்ததன் காரணம் இந்த இடைவெளிதான். 2010ல் டிஸ்க் பிரேக்கை அனுமதித்த பிறகு அந்தத் தொல்லையே போய்விட்டது. டயர் அகலம் 33 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று விதியும் இருக்கிறது. அகலமான டயர் சேற்றில் நன்றாகப் பிடிக்கும் என்று 38 வாங்கியவன் நான். அது பிடித்தது உண்மைதான், மண்ணை.

பெரிய போட்டிகளில் வீரர்களுக்கு ஒரு வசதி உண்டு. பாதையோரம் பிட் இருக்கும், அரைச் சுற்றுக்கு ஒரு முறை அழுக்கு வண்டியைக் கொடுத்துவிட்டுக் கழுவிய வண்டியை வாங்கிக்கொள்ளலாம். வண்டிக்கு வண்டி ஆள் நின்று கழுவிக்கொண்டே இருப்பார்கள். நமக்கு ஒரு வண்டியே வட்டியில்லாத் தவணை.

கழுவியதிலும் ஒரு தப்பு செய்தேன். வழியில் பைக் வாட்டர் வாஷ் ஒன்றில் விட்டு, நன்றாக அடிங்க தம்பி என்றேன். பையனும் நன்றாக அடித்தான். அந்த வேகத்தில் தண்ணீரும் மணலும் பெடல் அச்சின் பேரிங்குக்குள் போய், இரண்டு வாரத்தில் அது அம்மி மாதிரி அரைக்க ஆரம்பித்தது. சட்டத்தோடு டீரெய்லரைப் பிடிக்கும் ஹேங்கர் ஏற்கெனவே வளைந்திருந்தது. இரண்டையும் மாற்றியதில் மெக்கானிக் அண்ணன் வாங்கிய தொகையை வீட்டில் பாதியாகச் சொல்லியிருக்கிறேன்.

டிசம்பரில் இரண்டாம் முறை

அதே தரிசு, அதே பலகைகள். இரவெல்லாம் மழை, காலையிலும் விடவில்லை. ஆறு பேர் போனிலேயே கழன்றுகொண்டார்கள், 11 பேர் வந்தோம். பெரியவரும் குடையோடு வந்து அதே இடத்தில் உட்கார்ந்தார்.

இந்த முறை மட்கார்டு இல்லை, பாட்டில் கூண்டு இல்லை. ஒருவரிடம் கடன் வாங்கிய 32 மில்லிமீட்டர் டயர், மேலே ரப்பர் முடிச்சுகள் தள்ளித் தள்ளி இருப்பது, நடுவில் மண் தங்காமல் உதிர. டியூபுக்குள் பஞ்சர் அடைக்கும் திரவம், கருவேல முள்ளுக்காக. போர்க்கின் உள்பக்கமும் சட்டத்தின் அடியிலும் கடலை எண்ணெய், பிரேக் பக்கம் ஒரு சொட்டும் படாமல். வீட்டுச் சமையலறையிலிருந்து எடுத்ததால் வண்டி முழுக்க வடைக்கடை வாசனை.

கொட்டும் மழையில் அதே கரிசல் கூழாக ஓடியது. டயர் அதைக் கிழித்துக்கொண்டு போனது, ஒட்டுவதற்குள் தண்ணீர் கழுவிவிட்டது. முதல் சுற்று 8 நிமிடத்துக்குச் சற்று மேல். போன முறையைவிட நல்ல மழை, ஆனால் நான் வேகமாக ஓட்டினேன் என்று யாரிடம் சொன்னாலும் நம்பவில்லை.

கஷ்டம் வேறு இடத்துக்கு மாறியது. கரையின் பக்கச் சரிவு அன்று சோப்பு போட்ட தரை. முதல் சுற்றில் வளைவைப் பார்த்ததும் பிரேக்கைப் பிடித்தேன், சைக்கிள் கீழே போனது, நான் அதற்கு முன்னால் போனேன். இரண்டாம் சுற்றிலும் அதே. சரிவில் பிரேக்கைத் தொடக் கூடாது, மேட்டுப் பக்கக் காலைப் பெடலிலிருந்து எடுத்துத் தரையில் தட்டிக்கொண்டே போக வேண்டும், பார்வை சக்கரத்தில் இல்லாமல் சரிவு முடியும் இடத்தில் இருக்க வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். கேட்டேன். மூன்றாம் சுற்றிலும் விழுந்தேன், கொஞ்சம் தள்ளி. நான்காம் சுற்றிலிருந்து இறங்கி ஓடிவிட்டேன். இது எனக்கு இன்னும் வரவில்லை.

நான்காம் சுற்றின் பாதியில் மழை நின்றது. ஐந்தாவதில் மேகம் விலகி வெயில் எட்டிப் பார்த்தது. தரிசில் இரண்டாவது வரப்பு தாண்டியதும் அந்தச் சரசரப்பு மறுபடியும் காதில் விழுந்தது. வயிற்றில் புளியைக் கரைத்தது. முன்னால் போனவர்கள் எல்லோரும் பாதையின் ஓரமாக, காய்ந்தது போல் தெரிந்த மேட்டில் போனார்கள். நான் நடுவில் தண்ணீர் கட்டி நின்ற தடத்துக்குள் விட்டேன். முட்டிக்குத் தண்ணீர் அடித்தது. பத்து மீட்டரில் சரசரப்பு நின்றது. அடுத்த குட்டையையும் விடவில்லை. வழியில் இரண்டு பேர் குச்சியோடு நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் என்னைப் பார்த்து, “தண்ணிக்குள்ள ஏன்ணே விடுறீங்க?” என்று கேட்டார். மூச்சு இல்லாததால் பதில் சொல்லவில்லை.

ஆறு பேருக்குப் பின்னால், ஏழாவதாக முடித்தேன், முதல் ஆளைவிட ஒரு சுற்று குறைவாக. பையன் இரண்டாவது. பிரேக் கட்டைகள் மட்டும் தேய்ந்து இரும்பு தெரிந்தது. மண்ணும் மணலும் ரிம்மில் ஒட்டி உப்புத்தாள் மாதிரி அரைத்திருக்கிறது. ஒரே காலையில் ஒரு வருடத் தேய்மானம், ரிம்மிலும் கோடு விழுந்துவிட்டது. இதற்கு எண்ணெய் வைத்தியம் கிடையாது. டிஸ்க் பிரேக் வண்டிதான் வழி, அதற்கு வீட்டில் பேச வேண்டும்.

பெரியவர் பம்புசெட்டைப் போட்டுவிட்டார். குழாய் வாயிலிருந்து தள்ளி நிறுத்தி, கைத்தண்ணீர் விட்டு, பேரிங் பக்கம் போகாமல் கழுவப் போனபோது, தராசுக்காரர் இந்த முறை அவராகவே கூப்பிட்டார். கழுவாமல் கொண்டுவந்து ஏற்றச் சொன்னார். மட்கார்டும் கூண்டும் இல்லாத வண்டி, சேற்றோடு 13 கிலோ காட்டியது.

முள்ளைக் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். “என்ன தம்பி, இந்தத் தடவ எங்க ஊரு மண்ணு ஒங்களுக்குப் பிடிக்கலையா?”